எங்கே துளைக்கட்டும்

எங்கே துளைக்கட்டும் என்கிறார் ஜிலானி.
காதில் பென்சில், தோளில் ட்ரில் மிஷின்,
உள்ளங்கை சுவரின் மேல்,
நாடி பார்ப்பவர் போல.

அக்னி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள்.
ராயபுரத்தில் கடல் முந்நூறு தப்படி தூரம்.
அதன் உப்பு மட்டும் வீட்டுக்குள் வருகிறது,
ஜன்னல் கம்பியில், சம்புடத்தின் மூடியில்,
கஸ்பாரின் கழுத்தில்.
நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பும்போது
டாக்டர் சொன்னார்: வியர்க்கக் கூடாது.
இந்த ஊரில்!
சிரித்தால் தையல் வலிக்கும் என்று
இவர் சிரிக்காமல் இருந்தார்.

இரண்டடி கனச் சுவர்.
பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு
இரவு பதினொன்றுக்கு
வட்டியோடு திருப்பித் தரும்.

அறையின் உயரம் பதினாறடி.
பதினொரு தேக்கு உத்தரம்,
அவற்றின் மேல் குத்துவாக்கில் செங்கல்.
"ஒன்றரை டன் பத்தாதுக்கா.
அவ்ளோ ஒசரத்துல யாரு குடியிருக்கா?
அந்தக் காத்தையும் சேத்துல்ல குளிர வைக்கணும்.
ஒன்பதடியில ஜிப்சம் சீலிங் போட்டுடலாம்."
நான் அண்ணாந்து பார்த்தேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல்
படுத்தபடி கஸ்பார் எண்ணுவது அவற்றைத்தான்.
ஏழாவதில் ஒரு கணு, முயல் மாதிரி.
"முயல் போயிடும்" என்றார்.
மயக்க மருந்து இன்னும் தெளியவில்லையோ என்று
ஜிலானி என்னைப் பார்த்தார்.

பழைய வீட்டுக்கு ஏசி எதற்கு என்பார்கள்.
அவர்கள் வருவது மார்கழியில்.
உண்மைதான், ஒரு காலத்தில்
பகல் இரண்டு மணிக்குக் கடற்காற்று
கிழக்கு ஜன்னல் ஏறிக் கூடம் கடந்து
மாடிப்படி வழியே மேலே போயிருக்கும்.
கட்டியவர் போட்ட கணக்கு அது.
இன்று கிழக்கே நான்கு மாடி.
என் ஜன்னலுக்கு எதிரே அவர்களின் குளியலறைச் சுவர்.
அதில் ஏழு பெட்டிகள்,
ஏழும் என் பக்கம் மூச்சு விடுகின்றன.
இரண்டு மணிக்கு இப்போதும் காற்று வருகிறது,
அவர்கள் குளிர்ச்சியின் எச்சில்.

முதல் துளைக்கு
அரையடி இடம் கொடுத்தது சுவர்.
பிறகு மாவாய்க் கொட்டியது.
சூளையில் வேகாமல் தப்பிய
முழுக் கிளிஞ்சல் ஒன்று
ஜிலானியின் செருப்பில் வந்து விழுந்தது.
நிறுத்துங்கள் என்றேன்.

பின்கதவுக்கு மேல் அரைவட்டக் காற்றுக்கண்,
பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி.
என்றோ உடைந்த ஒரு சில்லுக்குப் பதில்
காலண்டர் அட்டை வைத்திருந்தோம்.
அட்டையை எடுத்ததும்
செம்புக்குழாய் இரண்டும் ஒயரும்
அளவெடுத்தது போல நுழைந்தன.

இனி வெளிப்பெட்டி.
முகப்பில் வைத்தால்
வீட்டின் மூக்கில் பஞ்சு வைத்தது போல.
மொட்டைமாடி எடை தாங்கும், அதிர்வு தாங்காது.
சந்துப் பக்கம் மாட்டிடலாம் என்று
ஜிலானி ஏணியில் ஏறிவிட்டார்.
சந்துக்கு அப்பால், மூன்றடியில், ஒரு ஜன்னல்.
அதன் கீழே ஏகவல்லி ரவிக்கை தைக்கும் மேசை.
மிஷினை நிறுத்தாமல் நிமிர்ந்தாள்.
ஏணியைப் பார்த்தாள், பிறகு என்னை.
ஒன்றும் கேட்கவில்லை.

ஏழு பெட்டிகள். எட்டாவது என்னுடையதா?

கிணற்றடிக்குக் கொண்டு போனோம்,
வானத்தைத் தவிர எதிரே யாருமில்லை.
இருபத்தெட்டு அடி கூடுதல் குழாய்.
அடிக்கு இவ்வளவு என்று பென்சிலால் கூட்டிய ஜிலானி
ஒரு தொகையை அடித்துவிட்டுக் குறைத்து எழுதினார்.
காரணம் சொல்லவில்லை.

குளிர் வர நாற்பது நிமிடம்.
கீழே ஏழடிக்குத் தை மாதம்,
மேலே ஒன்பதடிக்குச் சித்திரை, முயலோடு.
கஸ்பார் போர்வை கேட்டார்.
"ராயபுரத்துல, மே மாசத்துல" என்று
சிரித்தே விட்டார். வலித்தது.
மார்பைப் பிடித்துக்கொண்டு
மறுபடியும் சிரித்தார்.

இரவு பதினொன்றுக்குச் சுவரைத் தொட்டேன்.
தன் வட்டியைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.
கிணற்றடியில் வாளிக்குள் சொட்டு விழுகிறது.
காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்,
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்,
உப்பில்லை.
சந்தில் ஏகவல்லியின் விளக்கு எரிகிறது,
ஜன்னல் திறந்தபடி.